டிரைசூட்டோடு போட எந்த ஹூட் வாங்குவது? இறுக்கமும் தடிமனும் போதுமா?

கேள்வி: ஆற்காட்டுத் தம்பி ஒருவர், 2024 மே 2

அக்கா, செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் இருக்கிற அபர்டீனுக்குப் படிக்கப் போகிறேன். அங்கே மாணவர் டைவிங் கிளப்பில் சேர ஆசை. டிரைசூட்டைக் கிளப்பே வாடகைக்குத் தருமாம், ஹூட்டை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். உடம்பெல்லாம் நனையாத உடை, தலைக்கு மட்டும் நனைகிற தொப்பியா? கடையில் 3, 5, 7 மி.மீ. என்று வகைவகையாக இருக்கிறது. குளிர் ஊர்தானே, இருப்பதிலேயே தடிமனாக, இறுக்கமாகப் பார்த்து ஒன்று வாங்கிவிட்டால் போதாதா?

மே 3, காலை

போதாது. நீ சொல்வது போலவே யோசித்து நான் இரண்டு ஹூட் வாங்கினேன். இரண்டுமே சரியாக வரவில்லை. இப்போது லீவில் காட்பாடிக்கு வந்திருக்கிறேன், இரண்டும் என் பெட்டியிலேயே இருக்கின்றன. அதனால் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

வேலூரில் நர்சிங் முடித்து 2015-ல் அபர்டீன் போனேன். டைவிங் பழகியது 2017-ல். வட கடலில் தண்ணீர் மார்ச்சில் 6 டிகிரி பக்கம் இருக்கும், ஆகஸ்ட் கடைசியில் 13, 14 வரை ஏறும். அந்தத் தண்ணீரில் ஹூட் இல்லாமல் முகத்தை நுழைத்தால் நெற்றியில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி வரும். உடம்பின் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று கிளப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் சுருக்கமாக என் பதில்: 7 மி.மீ. வாங்கு. டிரைசூட்டுக்கென்றே செய்த, கழுத்து குட்டையானதாகப் பார். போட்டுப் பார்க்காமல் வாங்காதே.

மே 3, இரவு

நனைகிற தொப்பி ஏன் என்ற கேள்வியை விட்டுவிட்டேன்.

டிரைசூட்டில் தண்ணீரைத் தடுப்பது மூன்று இடம்: இரண்டு மணிக்கட்டு, ஒரு கழுத்து. கழுத்தில் லேடெக்ஸ், சிலிகான் அல்லது நியோபிரீனில் செய்த ஒரு பட்டை தோலோடு ஒட்டி நிற்கும், அதற்கு நெக் சீல் என்று பெயர். காய்ந்த பகுதி அதோடு முடிந்தது. அதற்கு மேலே இருக்கிற எல்லாம் கடலுக்குச் சொந்தம்.

ஹூட் நியோபிரீனில் ஆனது. அது ஒரு ரப்பர் நுரை, உள்ளே ஆயிரக்கணக்கான மூடிய வாயுக் குமிழ்கள். குளிரைத் தடுப்பவை அந்தக் குமிழ்கள்தான். ஹூட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நுழையும், அது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்க வேண்டும். நின்றால் கதகதப்பு. ஓடிக்கொண்டே இருந்தால் 7 மி.மீ. போட்டும் பயனில்லை. தலையைத் திருப்பும்போதெல்லாம் பிடரியில் ஜில்லென்று ஒரு கோடு இறங்குகிறதா, அங்கே ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

மே 5

முதல் ஹூட்டின் கதை. தோள் வரை படர்கிற நீளமான பாவாடை வைத்த ஹூட் அது. பிப் என்பார்கள். வெட்சூட், அதாவது உள்ளே தண்ணீர் புகுகிற உடை, போடுகிறவர்களுக்கு அது நல்லது, பாவாடையைச் சட்டைக்குள் செருகிவிட்டால் கழுத்து வழியாகத் தண்ணீர் ஓடாது. நான் போட்டதோ டிரைசூட். அந்தப் பாவாடைக்கு அங்கே இடமே கிடையாது. காலருக்குள் திணித்தேன். அதில் ஒரு முனை, எனக்குத் தெரியாமல், நெக் சீலுக்கு அடியில் போய்விட்டது.

நாலு மீட்டரில் மார்பில் ஒரு சொட்டு. பத்து மீட்டரில் வயிறு வரை. துணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் திரி போல ஏறி உள்ளே வந்துகொண்டே இருந்தது. கரை ஏறியபோது உள்ளே போட்டிருந்த கம்பளி உடுப்பைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். மார்ச் மாதம், கரையில் காற்று வேறு. கைவிரல்கள் மறுபடி சிவக்க ஒரு மணி நேரம் ஆனது.

டிரைசூட் காலரைக் கவனமாகப் பார், பலவற்றில் இரண்டு அடுக்கு இருக்கும். உள்ளே தோலோடு நெக் சீல், வெளியே தடிமனான நியோபிரீன் காலர். ஹூட்டின் குட்டைக் கழுத்து அந்த இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் செருக வேண்டியது. முன்பக்கம் நீயே செருகிக்கொள்ளலாம், பிடரிப் பக்கம் கூட வருகிறவரைச் சரிபார்க்கச் சொல். சீலுக்கு அடியில் ஹூட், முடி, உள் உடுப்பின் காலர் எதுவும் போகக்கூடாது. ஒரு தலைமுடிக் கற்றை போதும், தண்ணீருக்கு அதுவே வாய்க்கால்.

மே 6

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. நேற்று நிழலிலேயே 40-க்கு மேல். அந்த வெயிலில் 7 மி.மீ. ஹூட்டைத் தலையில் மாட்டி, கண்ணாடி முன் நின்று உனக்காக அளவு பார்த்தேன். இரண்டு நிமிடம் தாங்கவில்லை. ஆயா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கரடி மாதிரி கீற" என்று கேட்டுச் சிரித்தார். பேத்தி குளிரில் கஷ்டப்படக்கூடாதென்று அவரே மடியில் வைத்து ஓரங்களைத் தடவிப் பார்த்தார். முகம் வருகிற ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

அந்த ஓரம் துணி ஒட்டாத வழவழப்பு ரப்பர். தோலோடு நன்றாக ஒட்டும், ஆனால் நகம் பட்டால் கிழியும். ஹூட்டை இழுக்கும்போது விரல் நுனியால் கிள்ளாதே, உள்ளங்கையால் பிடி.

மே 9

மே 3-ல் எழுதியதில் ஒரு தப்பு. இதைப் படித்த பேரணாம்பட்டு அண்ணன் ஒருவர், "உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறதென்றால், பேன்ட் போடாமல் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு பனியில் நிற்கலாமே" என்று கேட்டார். அவர் கேட்டது சரி.

அந்தப் 'பாதி' கணக்கு அமெரிக்க ராணுவத்தின் 1970-ம் ஆண்டுக் கையேட்டில் இருந்து பரவியது. தலை வழியாக 40 முதல் 45 சதவீதம் சூடு போகும் என்று அதில் இருந்தது. 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு டாக்டர்கள் இந்த நம்பிக்கையை எடுத்து மறுத்தார்கள். தலை என்பது பெரியவர்களுக்கு உடம்பின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. போகிற சூடும் அதை ஒட்டித்தான்.

ஆனாலும் ஹூட் வேண்டாமென்று ஆகிவிடாது. டிரைசூட்காரருக்கு உடம்பெல்லாம் கம்பளியும் காற்றும் மூடியிருக்கிறது. மூடாமல் நிற்பது தலை ஒன்றுதான். அப்போது இழக்கிற சூட்டில் தலையின் பங்கு தானாகவே கூடிவிடும். அப்புறம் முகத்திலும் மண்டையிலும் குளிர் உறைக்கிற உறைப்பு காலில் உறைப்பது போல இல்லை. வலி, மூச்சுத் திணறல், யோசனை மந்தமாவது எல்லாம் அங்கிருந்து தொடங்கும். தண்ணீருக்கு அடியில் காற்றளவைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவருக்கு யோசனை மந்தமாகக் கூடாது.

மே 10

இரண்டாவது ஹூட். முதலாவதில் நனைந்ததால் இதை இறுக்கமாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர், "டைட்டாக இருந்தால்தான் சூடு" என்றார், நானும் தலையாட்டினேன். 7 மி.மீ., குட்டைக் கழுத்து, டிரைசூட்டுக்கென்றே செய்தது.

முதல் டைவ். எட்டு மீட்டர் ஆழத்தில் பாறையை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தேன். தலை லேசாகியது. பார்வையின் ஓரம் மங்கியது. காற்று போதுமான அளவு இருந்தது, குளிரவும் இல்லை. ஏதோ சரியில்லை என்று கூட வந்தவருக்குக் கைகாட்டி, மெதுவாக மேலே வந்தேன். தண்ணீர் மட்டத்தில் ஹூட்டை மோவாயிலிருந்து இழுத்த நொடியில் எல்லாம் தெளிந்தது.

இதை நான் உடனே புரிந்துகொண்டிருக்க வேண்டும். கழுத்தின் இரண்டு பக்கமும், தாடைக் கோணத்துக்குக் கீழே, கரோட்டிட் ரத்தக்குழாய் பிரிகிற இடத்தில் ரத்த அழுத்தத்தை உணர்கிற ஒரு முடிச்சு இருக்கிறது. கரோட்டிட் சைனஸ். அங்கே வெளியிலிருந்து அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று உடம்பு ஏமாந்து இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். கட்டுக்கு அடங்காமல் ஓடுகிற இதயத்தை நிதானப்படுத்த டாக்டர்கள் அந்த இடத்தைத் தேய்த்துவிடுவதை வார்டில் எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், மானிட்டரில் எண் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அதையே ஹூட்டும் நெக் சீலும் சேர்ந்து எனக்குச் செய்தன.

கழுத்தில் 'டப் டப்' என்று துடிப்பு தெரிகிறதா, எச்சில் விழுங்கினால் உறுத்துகிறதா, முகம் சிவந்து கனக்கிறதா? உடனே கழற்று. அதைப் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. என்னுடையது ஒரு சைஸ் சின்னது. பெரியதை வாங்கியிருக்க வேண்டும்.

மே 14

இல்லை, வேலூர்க் கோட்டை அகழியில் டைவ் அடிக்க முடியாது. கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து இந்தப் பதில்.

மே 15

காது. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதி நடுக்காதைச் சமன் செய்வதை முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். வெளிக்காதைப் பற்றிப் பேச மறந்துவிடுவார்கள். வழவழப்பான ஹூட் காது மடல் மேல் அப்பிக்கொண்டால், காதுக்குழாயில் சிக்கிய காற்று வெளியே போகவும் முடியாது, தண்ணீர் உள்ளே வரவும் முடியாது. பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு. சிக்கிய காற்று சுருங்கி, செவிப்பறையை வெளிப்பக்கமாக இழுக்கும். எவ்வளவு ஊதினாலும் வலி தீராது, ஊத ஊதக் கூடும். மூன்று மீட்டரிலேயே எனக்கு அப்படி வலித்திருக்கிறது.

இதற்கு வழி சுலபம். தண்ணீரில் இறங்கியதும், தலையை முக்கும் முன், இரண்டு காதுப் பக்கமும் ஹூட்டைச் சற்று இழுத்துத் தண்ணீரை உள்ளே விடு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். காரணம் இருக்கிறது: குளிர்ந்த தண்ணீர் ஒரு காதில் மட்டும் புகுந்தால் உலகமே சுற்றும். காது மூக்கு தொண்டைப் பிரிவில் சமநிலை நரம்பைச் சோதிக்க இதையே வேண்டுமென்று செய்வார்கள், ஒரு காதில் 30 டிகிரித் தண்ணீர், பிறகு 44 டிகிரி. நோயாளி படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். உடம்புச் சூட்டுக்கு 7 டிகிரிதான் குறைவு, அதற்கே அந்தப் பாடு. கடலில் 6 டிகிரி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது.

சில ஹூட்டில் காதருகே பொடித் துளைகள் போட்டிருப்பார்கள். உச்சியிலும் ஒரு துளை இருந்தால் நல்லது. மூக்கு வழியாக விடுகிற காற்று, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்கின் ஓரத்தால் ஹூட்டுக்குள் புகுந்துவிடும், சில சமயம் டிரைசூட்டிலிருந்தும் கழுத்து வழியாக ஏறி வரும். அது வெளியேற வழி இல்லாவிட்டால் உச்சியில் பலூன் மாதிரி உப்பி, தலையை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கழுத்து வலி வரும்.

மே 19

பெண்கள் இருவர் கேட்டதால் இது. ஆண்களுக்கும் பொருந்தும்.

டைவ் நாளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். லேடெக்ஸ் என்பது இயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் பிசுபிசுத்து இளகிவிடும். நெக் சீலைத் தலை வழியாகத்தான் மாட்டுகிறோம், முடியில் இருக்கிற எண்ணெய் முழுவதும் அதில் ஒட்டும். என் முதல் நெக் சீல் சீக்கிரமே கிழிந்ததற்கு என் எண்ணெய்த் தலைதான் காரணம் என்று பழுது பார்த்தவர் முகர்ந்தே சொல்லிவிட்டார். வழுக்குவதற்கு வாசனை சேர்க்காத டால்க் பவுடரோ சோப்புத் தண்ணீரோ போதும்.

கொண்டை வேண்டாம். ஹூட்டுக்குள் கொண்டை இருக்கிற இடத்தில் பள்ளமும் மேடும் உண்டாகி, அங்கே தண்ணீர் தேங்கி ஓடும். தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, பிடரியில் ஹூட்டுக்குள்ளேயே மடித்துக்கொள்கிறேன். தோடு, ஜிமிக்கி, கடுக்கன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இறுக்கமான ஹூட்டுக்குள் தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்திக்கொண்டே இருக்கும். மூக்குத்தியை நான் கழற்றுவதில்லை. மாஸ்கின் மூக்குப் பை விசாலமாக இருந்தால் அது இடைஞ்சல் செய்யாது.

மாஸ்க் போடும்போது ஹூட்டின் நெற்றி ஓரம் மாஸ்கின் ரப்பர் விளிம்புக்கு அடியில் சிக்காமல் சுற்றிலும் ஒரு விரல் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாஸ்க் ஒழுகுகிறது என்று மாஸ்கை மாற்றுகிறவர்கள் பலர், தப்பு ஹூட்டில் இருக்கும்.

மே 22

இன்று எழுதுவதற்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன் போல.

தாய்மாமா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. கிழிசலை ஒட்டித் தருவாரென்று இரண்டு ஹூட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டுவது அவருக்கு விஷயமே இல்லை. ஷூ ஒட்டுகிற சொல்யூஷனில் ஒரு வகை நியோபிரீன் ரப்பரிலிருந்தே செய்தது. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு அழுத்தினால் பிரியாது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு என்றார்.

ஒட்டிவிட்டு ஹூட்டைப் புரட்டிப் பார்த்தார். "நூல் இந்தப் பக்கம் தெரியுது, அந்தப் பக்கம் தெரியல. பாதி வரைக்கும்தான் ஊசி போயிருக்கு" என்றார். நல்ல ஹூட்டின் தையல் அப்படித்தான்: வளைந்த ஊசி பாதித் தடிமன் வரை போய்த் திரும்பும், துளை மறுபக்கம் விழாது, தண்ணீர் கசியாது. வாங்கும்போது தையலைப் புரட்டிப் பார், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் துளை இருந்தால் வேறு எடு.

அப்புறம் என்னைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். சுற்றி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "சைஸ் சரியாத்தானே கீது?" என்றார். எட்டு மீட்டரில் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தண்ணியில நீ நின்னுகினா போற?"

இல்லை. படுத்துக்கொண்டுதான் போவேன்.

கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்கச் சொன்னார். தலை நிமிர்ந்தது. பிடரியில் நியோபிரீன் மடிந்து புடைத்தது, முன்பக்கம் தொண்டையில் விண்ணென்று இழுத்தது. கடலில் வந்த அதே அழுத்தம், ஆம்பூரில் ஒரு கட்டிலில். மாமா தொண்டைப் பக்கம் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. நிற்க வைத்துப் பார்த்தபோது இரண்டு விரல் தாராளமாகப் போன இடம்.

"நின்னுகினு பார்த்தா எல்லா ஷூவும் சரியாத்தான் இருக்கும் கண்ணு. நடக்க சொல்லி பார்க்கணும்."

அதனால் மே 10-ல் எழுதியதைத் திருத்துகிறேன். என் ஹூட் சின்ன சைஸ் இல்லை. ஒரு சைஸ் பெரியதை வாங்கியிருந்தால் தொண்டைக்குச் சரியாகி, முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் ஓடியிருக்கும். தப்பு வெட்டில். கழுத்தை நேரான குழாயாக வெட்டியிருக்கிறார்கள், நிற்கிற மனிதனுக்கான கழுத்து அது. நீந்துகிறவரின் கழுத்து பின்னால் மடிந்தே இருக்கிறது. அவருக்கு முன்பக்கம் நீளமும் பின்பக்கம் குறைவும் வேண்டும்.

கடையில் நீ செய்ய வேண்டியது இது. ஹூட்டைப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படு. வெட்கப்படாதே, கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். தலையை நிமிர்த்தி எதிரில் பார், பத்து நிமிடம் அப்படியே இரு. வாயைத் திற, விழுங்கு, இரண்டு பக்கமும் திரும்பு. தொண்டையில் ஒரு விரல் போக வேண்டும், பிடரியில் ஒரு விரல்கூடப் போகக்கூடாது. முடிந்தால் டிரைசூட்டையும் கொண்டுபோய் அதன் மேல் போட்டுப் பார், ஏனென்றால் கழுத்தை அழுத்துவது இரண்டும் சேர்ந்துதான்.

மே 23

மாமா இரவோடு இரவாக யோசித்திருக்கிறார். காலையில் போன் போட்டு வரச் சொன்னார். ஷூ செய்ய லாஸ்ட் என்ற கால் அச்சின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டி, அதில் கோடு வரைந்து, வெட்டிப் பிரித்து, அட்டையில் படியவைத்துப் பேட்டர்ன் எடுப்பார்கள். அதையே என் தலைக்குச் செய்தார். முதலில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் டேப், கண்ணையும் மூக்கையும் வாயையும் விட்டுவிட்டு. நான் தலையை நிமிர்த்தியபடியே உட்கார்ந்திருந்தேன். அத்தை ஜூஸ் கொண்டுவந்து ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்.

உதவாமல் கிடந்த முதல் ஹூட்டின் அந்தப் பாவாடை இப்போது உதவியது. அதிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு வெட்டி, இரண்டாவது ஹூட்டின் தொண்டையில் கீறி, நடுவே வைத்து ஒட்டினார். பிடரியில் இரண்டு விரற்கடை குறைத்தார். தையலை நான் போட்டேன். வளைந்த ஊசியால் பாதி ஆழத்துக்குப் போட வேண்டும் என்றதும், டாக்டர்கள் தோலைத் தைக்கிற அதே கைவாகு நினைவுக்கு வந்தது. அரை நாள் பிடித்தது.

மே 26

லத்தேரிப் பக்கம் தாத்தா நிலத்துக் கிணறு. நான் நீச்சல் பழகியது அங்கேதான், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. அப்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று: மேலே வெந்நீர் போல இருக்கிற தண்ணீர், ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே திடீரென்று ஜில்லென்றாகும். மேலே சூடு, கீழே குளிர் என்று தண்ணீர் அடுக்காக நிற்கும் என்பதைக் காலால் தெரிந்துகொண்டேன். பிறகு கடலில் அதையே பாடமாகச் சொன்னார்கள்.

மே மாதம் என்பதால் தண்ணீர் குறைவு, 15 அடி இருக்கும். மாமா மேலே கயிறோடு நின்றார், தம்பிகள் இருவர் தண்ணீரில் பக்கத்தில். டிரைசூட் இல்லை, ஹூட்டும் மாஸ்கும் மட்டும். குளிரைச் சோதிக்க முடியாது, அது தெரியும். நான் பார்க்க விரும்பியது மூன்றே: படுத்து நிமிர்ந்தால் தொண்டை இழுக்கிறதா, காதில் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா, மூக்கால் காற்று விட்டால் உச்சியில் உப்புகிறதா.

தொண்டை இழுக்கவில்லை. காது சரி. உச்சியில் உப்பியது. மாமா சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்தார், தோலில் துளை போடுகிற கருவி, கையோடு கொண்டுவந்திருக்கிறார். உச்சியில் இரண்டு பொடித் துளை, அதன் மேல் உள்பக்கமாக ஒரு சின்ன ஒட்டு, ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல். காற்று வெளியே போகும், தண்ணீர் எளிதில் உள்ளே வராது.

அதே கிணற்றில் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்பு மூச்சைப் பிடித்து அடிமட்டம் வரை போய் வருவார். பாதாளக் கரண்டியில் சிக்காத குடம், மோட்டார் பைப் எல்லாம் அவர் கையால் மேலே வரும். காதில் பஞ்சுகூட வைக்க மாட்டார். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. செவிப்பறை எத்தனை முறை கிழிந்ததோ. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது இன்று கிணற்றடியில் நிற்கும்போது மிகவும் உறுத்தியது.

மே 28

இரண்டு திருத்தம். ஒன்று, 7 மி.மீ. வாங்கு என்று முதலில் எழுதினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகிறாய், தண்ணீர் 10-க்கு மேல் இருக்கும். கழுத்துக்குப் பொருந்துகிற 5 மி.மீ., பொருந்தாத 7 மி.மீ.-ஐ விடக் கதகதப்பானது. அதோடு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு, குமிழ்கள் நசுங்கும். மேலே 7 ஆக இருந்தது அங்கே 7 ஆக இருக்காது. வெட்டின் பொருத்தம் மட்டும் ஆழத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. ஜனவரிக்குப் பிறகும் இறங்குவதாக இருந்தால் அப்போது தடிமனைப் பற்றி யோசி. தடிமன் கூடினால் மிதப்பும் கூடும், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்கிற எடையைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது: ஹூட்டை நம் ஊர் வெயிலில் காயப்போடாதே. நான் மொட்டை மாடியில் போட்டேன், ஆயா ஓடிப்போய் எடுத்துவந்தார். ரப்பருக்கு வெயிலும் சூடும் ஆகாது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் வைக்க வேண்டும். டிரைசூட்டின் லேடெக்ஸ் சீலுக்கு இது இன்னும் முக்கியம்.

ஜூன் 2

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர், முழுவதும் நனையாத ஹூட் கிடையாதா என்கிறார். இருக்கிறது. லேடெக்ஸ் ஹூட், டிரைசூட்டோடு சேர்ந்தே வரும், உள்ளே கதகதப்புக்குத் தனியாக ஒரு தொப்பி. முடி நனையாது. ஆனால் பொழுதுபோக்கு டைவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. அதன் இடம் கெட்ட தண்ணீர்: சாக்கடை, ஆலைக்கழிவு. முழு முக மாஸ்கோடு சேர்த்துப் போட்டால் தலையிலும் முகத்திலும் ஒரு சொட்டு படாது.

கேட்டவர் ஊர் ராணிப்பேட்டை என்பதால் சொல்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் மக்கள் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. மாமாவுக்குச் சோறு போடுவதும் அந்தத் தோல்தான், தாத்தா காலத்துக் கிணற்று நீர் பல ஊரில் கெட்டதும் அதனால்தான். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கிறது. அந்த நீரில் மனிதரைத் தேடி இறங்குகிறவர்களுக்கு இந்த லேடெக்ஸ் ஹூட் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஜூன் 30, அபர்டீன்

தண்ணீர் 11 டிகிரி. மாமாவின் ஆப்பு வைத்த ஹூட்டோடு 40 நிமிடம், 14 மீட்டர். தொண்டை சுதந்திரமாக இருந்தது. பிடரியில் கோடு இறங்கவில்லை. உச்சியில் காற்று தங்கவில்லை. இடது கன்னத்தில் மட்டும் சிறு கசிவு, என் தையல் அங்கே இழுத்துக்கொண்டு நிற்கிறது. பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டேன்.

மாமாவுக்குப் படம் அனுப்பினேன். பதிலில் பாராட்டு ஒன்றும் இல்லை, "இடது பக்கம் ஓரத்தை ஸ்கைவ் பண்ணியிருக்கணும்" என்று மட்டும் வந்தது. ஓரத்தைச் சீவி மெலிதாக்குவதை அப்படிச் சொல்வார்கள். படத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

ஜூலை 21

தலைப்பிலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் வட முனைக்கு அப்பால் இருக்கிற ஆர்க்னித் தீவுகளில் ஸ்காபா ஃப்ளோ என்ற இடத்துக்குப் போய் வந்தேன். முதல் உலகப் போர் முடிந்தபின் சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கப்பற்படை, 1919 ஜூன் 21 அன்று தன்னைத்தானே மூழ்கடித்துக்கொண்ட இடம். 74 கப்பல்களில் 52 மூழ்கின. பெரிய கப்பல்கள் ஏழு இன்னும் அடியில் கிடக்கின்றன.

நம் ஊரில் கெட்டிக்காரப் பிள்ளையை 'எம்டன்' என்பார்களே. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன கப்பலின் பெயர் அது. அந்த எம்டன் அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே முடிந்துபோனது. அதன் பெயரைத் தாங்கிய இரண்டாவது எம்டன் ஸ்காபா ஃப்ளோவில் இருந்தது. மூழ்குவதற்குள் ஆங்கிலேயர் கரைக்கு இழுத்துவிட்டார்கள். படகில் இதைச் சொன்னபோது, சென்னைப் பேச்சில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருப்பதைக் கேட்டு, உடன் வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். 'எம்டன், எம்டன்.'

ஹூட் அங்கே 34 மீட்டர் வரை வந்தது. குறை இல்லை.

ஆகஸ்ட் 18

ஆற்காட்டுத் தம்பி அளவு அனுப்பியிருக்கிறார். புருவத்துக்கு மேல் தலைச் சுற்று 57 செ.மீ., கழுத்து 38. அவர் ஆம்பூருக்கே நேரில் போய், குப்புறப் படுத்து, மாமா கையால் அளவு கொடுத்திருக்கிறார்.

தம்பி, மோவாயிலிருந்து தொண்டைக்குழி வரை நிமிர்ந்த நிலையில் உனக்கு 15 செ.மீ., நேராக நின்றால் 11. இந்த 4 செ.மீ.-ஐ மறக்காதே. கடையில் எந்த ஹூட்டை எடுத்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும். 5 மி.மீ.-ல் உச்சித் துளையோடு ஒன்று, தனி மோவாய்த் துண்டு வைத்துத் தைத்தது, அபர்டீனில் நான் பார்த்து வைத்திருக்கிறேன். வந்ததும் போய்ப் போட்டுப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் மாமா அட்டை வெட்டி வைத்திருக்கிறார், அதைப் பெட்டியில் மடிக்காமல் கொண்டு வா.

எண்ணெய் பாட்டிலைக் கொண்டு வா, பரவாயில்லை. டைவ் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளலாம்.